அம்மாவின் கதவைப் பூட்டலாமா?

மறதிநோய் கண்ட தாயாரை வீட்டினுள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளை ஜேர்மனியில் நாம் அறிவோம். வழிதவறிக் குளிரில் விழுந்துவிடுவாரே என்னும் அச்சம் பொய்யன்று. ஆயினும் இந்நாட்டுச் சட்டம் முதலிற் கேட்பது வேறு: அவர் விரும்புவது யாது?

1992 ஜனவரி 1 வரை, இயலாதவரின் உரிமைகளைப் பறித்து அவரை இன்னொருவரின் முழுப்பொறுப்பில் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அதனை ஒழித்து, 'பெட்ரொயர்' என்னும் துணைப்பொறுப்பாளரை ஏற்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல், முதியவரின் விருப்பமே அவருக்கு வழிகாட்டி, விலக்குகள் சிலவே. சுயமாகத் தீர்மானிக்க வல்லவர் மறுப்பின் பெட்ரொயரை நியமிக்கவே இயலாது. முதியோர் இல்லத்தில், சம்மதமின்றிக் கட்டிலின் தடுப்புக்கம்பியை உயர்த்தி ஒருவரைத் தொடர்ந்து மறித்துவைக்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். வீட்டிற் பூட்டிவைப்பதோ குற்றமாகவும் கூடும்.

எம்மவர் பலர் அறியாதது இன்னொன்று. மகன் என்பதனால் மட்டும் தாயாருக்காகக் கையொப்பமிட இயலாது. கணவன் மனைவியருக்கும் 2023 முதல், வைத்திய விடயங்களில், அதிகபட்சம் ஆறு மாத அதிகாரமே உண்டு. ஆகவே பெற்றோர் தெளிவுடன் இருக்கையிலேயே 'போர்சோர்கபோல்மாக்ட்' எனும் அதிகாரப்பத்திரம் எழுதப்படல் வேண்டும். பேச்செடுத்தால் "என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறியளோ" என்று தாய்மார் கலங்குவர். அக்கலக்கம் நியாயமானதே, பொறுமையோடு பேசுதல் வேண்டும். வீட்டிலேயே இருக்க விருப்பமா, குளிப்பாட்டுபவர் பெண்ணாகவே இருத்தல் வேண்டுமா, சைவ உணவா, வெள்ளிதோறும் கோயிலா என அவரையே கேட்டு, அவர் சொன்னவாறே அதனுடன் எழுதிவைக்கலாம்.