மரத்தில் முளைக்கும் எச்சரிக்கை

காட்டு மரங்களின் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டுக் காளான், உள்ளே நடக்கும் நாசத்துக்கு அடையாளம். ஆனால் எது ஆபத்து, எது சாது?

மழைக்காலம் முடியும் நேரத்தில் டேராடூன் வட்டாரக் காடுகளில் நடந்தால் கண்ணில் படாமல் போகாது. மரத்தில் யாரோ அரைவட்டத் தட்டைச் செருகியது போன்ற காளான். வெளியே தெரிவது அதன் 'பழம்' மட்டுமே. உடல், நூல் நூலாக மரத்துக்குள் பரவியிருக்கும். தட்டு வெளியே வருவதற்குள் உள்ளே அழுகல் நெடுந்தூரம் போயிருக்கும்.

எல்லாமே எதிரி அல்ல. விழுந்த கட்டைகளில் வண்ண வளையங்களோடு முளைக்கும் மெல்லிய டிராமீட்டஸ், செத்த மரத்தை மக்கவைக்கும் துப்புரவுத் தொழிலாளி. சால் மரத்தில் வரும் பெலினஸ் வேறு ரகம். கட்டைபோல் இறுகிய, துருப்பிடித்த பழுப்பு நிறக் காளான் இது. மரத்தின் வைரத்தையே தின்றுவிடும். மரம் பச்சையாக நிற்கும். அறுத்தால் பலகை தேறாது. சிசு மரத்தின் அடியில் வரும் கனோடெர்மாவோ வேரை அழிக்கிறது. வேரோடு வேர் தொடும் அடுத்த மரத்துக்கும் தாவுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எந்த மரம், அடியிலா உயரத்திலா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தட்டின் அடிப்பக்கம்: குடைக் காளானின் மடிப்புகளுக்குப் பதில் ஊசித் துளைகள் இருக்கும். மேலே வார்னிஷ் பூசிய பளபளப்பு, கீழே கீறினால் பழுப்பாகும் வெண்மை, காகிதத்தில் உதிரும் பழுப்புத் தூள் என்றால் கனோடெர்மாவாக இருக்கலாம். பெலினஸின் சதையில் பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கறுத்துவிடும்.

இது ஜாதியைச் சொல்லும். இனத்தைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.கே. பக்‌ஷி 1971-இல் வெளியிட்ட 'இந்தியன் பாலிபோரேசியே' நூல் இத்துறையினருக்குக் கைவிளக்கு. ஆனாலும் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவில் 'கனோடெர்மா லூசிடம்' என்று எழுதிவைத்த பலவும், ஐரோப்பாவின் அசல் லூசிடம் அல்ல என்று டி.என்.ஏ. சோதனைகள் காட்டியுள்ளன.

பெயரில் என்ன இருக்கிறது? வைத்தியம் இருக்கிறது. வேர் அழுகல் என்றால் நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டி, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்க வேண்டும். வைர அழுகல் என்றால் மற்ற மரங்களைத் தீயிலிருந்தும் கிளை வெட்டுவோரிடமிருந்தும் காக்க வேண்டும். அந்தக் காயங்கள்தான் காளானுக்கு வாசல். தட்டைப் பிய்த்து எறிந்தால் மட்டும் மரம் பிழைக்காது. அடையாளம்தான் அழியும்.