கையேடு இல்லாத நினைவக அட்டை

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆந் திகதி அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பனியார் தமது ‘பேர்சனல் கொம்பியூட்டர்’ என்னும் சிறு கணனியை வெளியிட்டனர். மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவருக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைற்று மாத்திரமே. உள்ளேயிருந்த இன்ரெல் 8088 சில்லோ 1,024 கிலோபைற்று வரைக்கும் விலாசம் இடவல்லது. இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பப் பல கம்பனிகள் விரிவாக்க அட்டைகளைச் செய்து விற்றன. அவற்றுட் சில கம்பனிகள் மறைந்தன, கையேடுகளும் தொலைந்தன. அட்டைகள் மாத்திரம் எஞ்சின.

பழைய கணனிகளைப் பேணுவோர் கையில் இன்று அத்தகைய அட்டை ஒன்று அகப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் எட்டுச் சிறு ஆளிகள் உள்ளன. எட்டு ஆளிகளை 256 விதமாக அமைக்கலாம். எது சரி என்று சொல்ல ஆளில்லை. பிழையாக அமைத்தால் அட்டை வாளாவிருக்கும் என்று எண்ணுதல் தவறு. தாய்ப்பலகையிலுள்ள நினைவகமும் அட்டையிலுள்ளதும் ஒரே விலாசத்துக்கு ஒருங்கே விடையளிக்கத் தொடங்கினால், கணனி படிப்பது இரண்டில் எதுவுமன்று, குழப்பமே. அக்குழப்பம் வட்டில் எழுதப்படுமாயின் பழைய கோப்புகள் பாழாகும்.

ஆளிகளை நாடுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அக்காலத்து அட்டைகளில் தந்தாலம் என்னும் உலோகத்தாலான கொள்ளளவிகள் இருந்தன. முதுமையில் இவை உட்தொடர்புற்று, மின்னூட்டியவுடன் வெடித்துத் தீப்பற்றுவது பலர் கண்ட உண்மை. ஆகவே அட்டை வெளியே இருக்கும்போதே, 5 வோல்ற்று, 12 வோல்ற்று வழிகளுக்கும் புவி வழிக்கும் இடையே பல்மானியால் தடையை அளந்து பார்த்தல் வேண்டும்.

இனி அட்டையையே கேட்டறியலாம். நினைவகச் சில்லுகளை எண்ணினால் அவை ஒன்பதொன்பதாக நிற்கக் காணலாம். எட்டுச் சில்லுகள் ஒரு பைற்றின் எட்டுப் பிற்றுகளைத் தாங்கும். ஒன்பதாவது, அவ்வெட்டும் வழுவாதிருக்கின்றனவா என்று பார்க்கும் காவற்சில்லு. 4164 என்னும் எண்ணுடைய சில்லுகளாயின் ஒரு வரிசை 64 கிலோபைற்று ஆகும். 54 சில்லுகள் இருந்தால் ஆறு வரிசை, 384 கிலோபைற்று. தாய்ப்பலகையின் 256உடன் இது சேர்ந்தால் 640. அதற்கு மேற்பட்ட விலாசங்கள் திரைக்கும் பிற சாதனங்களுக்கும் ஒதுக்கப்பட்டவை.

அட்டை எந்த விலாசத்தில் தொடங்குகிறது என்பதே மையமான வினா. 8088 சில்லுக்கு இருபது விலாசக் கம்பிகள் உண்டு. மேலேயுள்ள நான்கும் 512, 256, 128, 64 கிலோபைற்று என்னும் நிறைகளை உடையன. அட்டையின் விளிம்பில், சில்லுகள் உள்ள பக்கத்தில், உலோகத் தாங்கியின் பக்கமிருந்து எண்ணினால் 12, 13, 14, 15ஆந் தொடுகைகள் முறையே இவையே. பல்மானியின் ஒரு முனையை அங்கு வைத்து மறுமுனையால் தொடர்ந்து சென்றால், பல அட்டைகளில் 74 எல்.எஸ். 85 போன்ற ஒப்பீட்டுச் சில்லு ஒன்றை அடையலாம். அச்சில்லின் எதிர்க்கால்கள் ஆளிகளுக்குச் செல்கின்றன. மூடிய ஆளி புவியோடு சேர்வதால் பெரும்பாலும் 0. திறந்த ஆளி 1. எனவே 256இல் தொடங்கவேண்டிய அட்டைக்கு 0, 1, 0, 0 என அமைத்தல் வேண்டும். தாய்ப்பலகை 64 மாத்திரம் உடைய முதற்பதிப்பாயின் 0, 0, 0, 1.

சில அட்டைகளில் ஒப்பீட்டுச் சில்லுக்குப் பதிலாக, செய்தவரின் குறிப்பு எரித்துப் பதிக்கப்பட்ட சில்லு இருக்கும். அங்கே கம்பியைத் தொடர்ந்து பயனில்லை, பரீட்சையே வழி. டொஸ் முறைமையோடு வந்த ‘டிபக்’ என்னும் கருவியால் ஒரு விலாசத்தில் எழுதிப் பார்த்து மீளப் படிக்கலாம். ஆனால் எழுதாத இடத்தைப் படித்தல் கூடாது. மின்னூட்டியபோது சில்லுகளில் கண்டபடி கிடக்கும் பிற்றுகளோடு காவற்பிற்று பொருந்தாது. கணனி ‘பரிட்டி செக் 2’ என அறிவித்து நின்றுவிடும். ஆகவே பகுதி முழுவதையும் முதலில் ஒரே எண்ணால் நிரப்பிய பின்னரே படித்தல் வேண்டும். அவசரக்காரருக்கு ஓர் ஆறுதல்: அவ்வெண் 2, குறை விரிவாக்க அட்டையில் என்பதைக் குறிக்கும். நின்றுபோன கணனியும், அட்டை அவ்விலாசத்தில் விடையளிக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது!

அட்டை சரியான இடத்தில் அமர்ந்தாலும் ஐ.பி.எம். கணனி அதைத் தானாக அறியாது. தாய்ப்பலகையின் இரண்டாம் ஆளித்தொகுதியில் மொத்த அளவைச் சொல்லவேண்டும். குறைத்துச் சொன்னால் மிகுதி வீணாகும். கூட்டிச் சொன்னால் 201 என்னும் பிழையெண் திரையில் தோன்றும். 1982 ஒக்ரோபர் 27ஆந் திகதிக்கு முற்பட்ட நிலைநினைவகம் உள்ள கணனியோ, எவ்வளவு சொன்னாலும் 544 கிலோபைற்றுக்கு மேல் ஏற்காது. அட்டையைக் குறைகூறுமுன் அச்சில்லின் திகதியைப் பார்த்தல் நன்று. எல்லாம் பொருந்தினால், நினைவகம் முழுவதும் சோதிக்கப்பட்ட பின் ஒரு குறுகிய ஓசை கேட்கும்.