பின்சக்கரம் ஏன் உள்ளே வருகிறது?

சிறு வயதில் நூல் கட்டிப் பொம்மை வண்டி இழுத்து விளையாடியிருப்பீர்கள். கூடத்தில் நேராக இழுத்துச் செல்லும்வரை வண்டி சமர்த்தாகப் பின்னால் வரும். கதவருகே திரும்பி அடுத்த அறைக்குள் நுழைந்ததும்தான் தகராறு. நீங்கள் கதவு நிலையைத் தாராளமாகச் சுற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். வண்டியோ நீங்கள் நடந்த வழியே வராமல் குறுக்கே வந்து, நிலையில் 'டக்' என்று இடித்துக்கொண்டு நின்றுவிடும்.

அந்தக் கதவு நிலை இருந்த இடத்தில் சைக்கிளில் செல்லும் ஒரு மாணவனையும், பொம்மை வண்டி இருந்த இடத்தில் 11 மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்தையும் வைத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது இதுதான்.

சென்னைக்கு மேற்கே இருக்கும் பாடியில் வளர்ந்தவன் நான். அடுத்த ஊரான அம்பத்தூரில்தான் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று உங்கள் தாத்தா பெயர் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கக்கூடிய சைக்கிள்களெல்லாம் அங்கே உருவானவை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தது. 1990களின் தொடக்கத்தில்கூட, மாலையில் ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் சாலை முழுதும் சைக்கிள்களாகத்தான் இருக்கும். அத்தனை பேர் கூட்டமாக வரும்போது, பேருந்து ஓட்டுநர்தான் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும்! இன்று அந்தக் கூட்டம் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள் பேருந்து, லாரி, கார்களுக்கு நடுவே ஒருவர் இருவராகச் செல்கிறார்கள்.

1994ஆம் ஆண்டு. நான் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டுத் திரும்பும்போது ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பேருந்து என்னை முந்தியது. ஓட்டுநர் இருக்கை என்னைத் தாண்டியது, முன்சக்கரமும் தாண்டியது. தப்பித்தோம் என்று நிம்மதியாக மிதித்தேன். பேருந்து இடப்புறச் சந்தில் திரும்பத் தொடங்கியது. அதன் பக்கவாட்டுத் தகடு, சுவரே நகர்ந்து வருவதுபோல, என்னை நோக்கி வந்தது. கைப்பிடி உரசியது. நான் சைக்கிளோடு மழைநீர்க் கால்வாயில் விழுந்தேன். பின்சக்கரம் என் சாப்பாட்டுப் பையின் மேல் ஏறிப் போயிற்று. எவர்சில்வர் டப்பா அப்பளமாகிவிட்டது.

ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிக நடுக்கம். "தம்பி, முன்வீல் உன்னைத் தாண்டினதைப் பார்த்துட்டுத்தானே ஸ்டியரிங்கை ஒடிச்சேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் தவறான பக்கத்தில் போகவில்லை. இருவருமே முன்சக்கரத்தைப் பார்த்தோம், பின்சக்கரத்தை மறந்தோம்.

இரண்டு மீட்டர் கணக்கு

பேருந்தின் முன்சக்கரங்களை மட்டுமே ஓட்டுநரால் திருப்ப முடியும். பின்சக்கரங்கள் அச்சோடு சேர்ந்து நேராக நிற்பவை. பேருந்தின் உடல் எந்தத் திசையை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில் மட்டுமே அவை உருளும். ஆகவே முன்சக்கரம் வளைவின் வெளிப்பக்கமாகச் சென்றாலும், பின்சக்கரம் பொம்மை வண்டியைப்போல உள்பக்கமாக இழுபட்டுத்தான் வரும். ஓட்டுநர்கள் இதை "பின்னாடி உள்ளே வாங்கும்" என்பார்கள்.

எவ்வளவு உள்ளே வாங்கும்? இதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் பெரிய பேருந்துகளில் ஏறத்தாழ 6 மீட்டர். பேருந்து இடப்புறமாக வட்டமடிக்கிறது என்றும், அதன் இடது முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் உருளும் திசைக்குச் செங்குத்தாகத்தான் வட்டத்தின் மையம் இருக்க வேண்டும். ஆகவே மையம், இடது பின்சக்கரம், இடது முன்சக்கரம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் 10 மீட்டர். ஒரு பக்கம் 6 மீட்டர். மற்றொரு பக்கம்? 100இலிருந்து 36ஐக் கழித்தால் 64. அதன் வர்க்கமூலம் 8.

முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்திலும் பின்சக்கரம் 8 மீட்டர் ஆரத்திலும் செல்கின்றன. வித்தியாசம் 2 மீட்டர்! தெருமுனையில் பேருந்து முழு வட்டம் அடிப்பதில்லை, கால் வட்டம்தான் திரும்புகிறது. அதனால் இந்த அளவு சற்றுக் குறையும். ஆனாலும் ஒரு சைக்கிள் செல்லத் தேவையான அகலத்தைவிட அது அதிகம். முன்சக்கரத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் இடையே 'போதுமான இடம் இருக்கிறதே' என்று நுழைகிறோம் அல்லவா? அந்த இடத்தைப் பின்சக்கரம் ஏற்கெனவே தனக்கென்று குறித்து வைத்திருக்கிறது. அது வந்து சேரச் சில விநாடி ஆகும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் வேகம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பேருந்து ஆமைபோல ஊர்ந்து திரும்பினாலும் பின்சக்கரம் அதே பாதையில்தான் வரும். "மெதுவாகத்தானே திரும்புகிறது" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

ஓட்டுநருக்கு ஏன் தெரிவதில்லை?

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் உட்கார்ந்திருக்கிறார். நாமோ இடது ஓரத்தில் செல்கிறோம். அவருடைய கண் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்திலும், இடப்பக்கச் சன்னலின் கீழ் விளிம்பு 1.6 மீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே குறுக்குத் தூரம் 2 மீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். (பேருந்துக்குப் பேருந்து இவை மாறும்.) 2 மீட்டர் தூரத்தில் பார்வைக் கோடு 0.6 மீட்டர் இறங்குகிறது. அப்படியானால் பேருந்துக்கு வெளியே அரை மீட்டர் தள்ளி அது இன்னும் 0.15 மீட்டர் இறங்கி, தரையிலிருந்து 1.45 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே உள்ள எதையும் அவரால் நேரடியாகப் பார்க்க முடியாது. அங்கே சைக்கிளில் செல்லும் மாணவனின் தலைமுடி தெரிந்தால் அதிர்ஷ்டம்.

பக்கக் கண்ணாடி இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் குவி ஆடி. பரந்த பரப்பைக் காட்டும். ஆனால் பிம்பத்தைச் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவது தொலைவில் இருப்பதாக நம் மூளை முடிவு செய்யும். அருகில் இருக்கும் சைக்கிள் 'எங்கோ பின்னால் வருகிறது' என்று தோன்றிவிடும். அதுவும் அவர் அந்த நொடியில் கண்ணாடியைப் பார்த்தால்தான். எதிரே வரும் ஆட்டோவையும், குறுக்கே ஓடும் பாதசாரியையும், நிறுத்தத்தில் கை நீட்டுபவரையும் அதே இரண்டு கண்களால்தான் அவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒளியியல் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஒளிக்கதிர் எந்தப் பாதையில் சென்றதோ, அதே பாதையில் திரும்பியும் வரும் என்று படித்திருக்கிறீர்கள். பேருந்தின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிந்தால், அவர் பார்க்கும்போது உங்கள் முகமும் அவருக்குத் தெரியும். அவர் முகம் தெரியவில்லை என்றால், அந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை நீங்கள் சாலையில் இல்லவே இல்லை.

பாடி பாலம்

பாடியில் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. கிண்டி கத்திப்பாராவைப் போல இதுவும் குளோவர் இலை அமைப்பில் கட்டப்பட்டது. மோட்டார் வாகனங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. சிக்னல் இல்லாமலே, ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் எல்லாத் திசைகளுக்கும் போகலாம். இடப்புறம் போகிறவர் பாலத்துக்கு முன்பே இடப்பக்கம் பிரிவார். வலப்புறம் போக வேண்டியவரோ பாலத்தைத் தாண்டிப் போய், அங்கே இடப்பக்கமாகப் பிரிந்து, முக்கால் வட்டம் சுற்றி வருவார்.

அதாவது, நேரே செல்பவரைத் தவிர எல்லோரும் இடப்பக்கம்தான் ஒடிக்கிறார்கள்!

இப்போது சைக்கிளில் நேரே செல்பவரை நினைத்துப் பாருங்கள். 'ஓரமாகப் போ' என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லித் தந்தபடி அவர் இடது ஓரத்திலேயே செல்கிறார். பிரிவுச் சாலை தொடங்கும் ஒவ்வொரு வாயிலிலும் அவருக்கு வலப்புறமாக வரும் வாகனம் அவருடைய பாதையைக் குறுக்கே வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். நல்ல பழக்கமே அவரை மிக மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த அமைப்பை வரைந்தவர்கள் சைக்கிளை நினைத்து வரையவில்லை என்றே நான் கருதுகிறேன். 2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் முதலிடம் என்பது அதன் சாரம். பிரிவுச் சாலை வாயில்கள் மட்டும் இன்னும் அதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

அதுவரை நாம் என்ன செய்வது? மீண்டும் ஒரு கணக்கு. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நீங்கள் செல்கிறீர்கள். 20 கி.மீ. வேகத்தில் 11 மீட்டர் நீளப் பேருந்து உங்களை முந்துகிறது. உங்களைவிட அது மணிக்கு 5 கி.மீ., அதாவது விநாடிக்கு 1.4 மீட்டர்தான் அதிகம். ஆகவே அது உங்களை முழுதாகக் கடக்க ஏறக்குறைய 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடியும் நீங்கள் அதன் பக்கவாட்டிலேயே இருக்கிறீர்கள். பிரேக் பிடித்து நின்றுவிட்டால்? பேருந்தின் முழு வேகமான விநாடிக்கு 5.6 மீட்டரில் அது உங்களைக் கடக்கும். இரண்டே விநாடி!

எனவே வளைவோ, தெருமுனையோ, பிரிவுச் சாலையோ முன்னே இருக்கும்போது பேருந்து பக்கத்தில் வந்தால், அதோடு போட்டி போட்டு மிதிக்காதீர்கள். பின்னால் நெருங்கி வருபவரைப் பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அதன் பின்சக்கரம் உங்களைத் தாண்டும்வரை காத்திருங்கள். முன்சக்கரம் தாண்டியது கணக்கில் சேராது. சிக்னலில் நிற்கும் பேருந்தின் இடப்புறச் சந்தில் நுழைந்து முன்னேறுவதும் இதே காரணத்தால் ஆபத்து. பேருந்துக்கு நன்றாக முன்னால் நில்லுங்கள், ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள் தெரியும்படி. அல்லது முழுதாகப் பின்னால் நில்லுங்கள். பக்கத்தில் வேண்டாம்.

இது பாடியின் தொல்லை மட்டுமல்ல. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாடு சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்ததோடு, சந்திப்புகளின் முனைகளையும் மாற்றிக் கட்டியது. முனையில் சிறு திட்டு ஒன்று இருக்கும். லாரியின் பின்சக்கரம் அதற்கு வெளியேதான் சுற்ற முடியும். சைக்கிள்காரர் நிற்கும் கோடு லாரி நிற்கும் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் இருக்கும். ஓட்டுநர் அவரைக் கண்ணாடியில் தேட வேண்டியதில்லை, எதிரிலேயே பார்க்கலாம். லண்டன் நகரம் 2021 முதல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெளியே போதிய அளவு நேரடியாகப் பார்க்க முடியாத கனரக லாரிகளைக் கூடுதல் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. நம் நாட்டு விதிகளும் லாரிகளின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே பக்கவாட்டுத் தடுப்பு வேண்டும் என்கின்றன. சைக்கிளில் செல்பவர் விழுந்தாலும் பின்சக்கரத்துக்கு அடியில் போய்விடாமல் காப்பதற்காக. அடுத்த முறை லாரி நிற்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

சைக்கிளும் இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டுமே திருப்பும் வண்டிதானே? அதன் பின்சக்கரமும் உள்ளே வாங்க வேண்டும். பள்ளியில் சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கே 3 மீட்டர் ஆரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரையுங்கள். சைக்கிளின் இரு டயர்களையும் நன்றாக நனைத்து, முன்சக்கரம் வட்டத்தின் மேலேயே செல்லும்படி மெதுவாக ஓட்டுங்கள்; அல்லது ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளினாலும் சரி. இரண்டு ஈரத் தடங்கள் தெரியும். சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1 மீட்டர் என்றால், 9இலிருந்து 1ஐக் கழித்தால் 8. அதன் வர்க்கமூலம் 2.83. பின்சக்கரத் தடம் 17 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். உங்கள் சைக்கிளின் அச்சுத் தூரத்தை அளந்து, உங்கள் எண்ணை முதலில் கணக்கிட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவுகோலை எடுங்கள். வெயில் நேரத்தில் செய்வதானால் கூட ஒருவர் இருக்கட்டும்; ஒருவர் ஓட்டும்போதே மற்றவர் அளக்காவிட்டால், தடம் காய்ந்துவிடும்.