குப்பிக்குள் போனால் நிறம் போகும்!
கடல் நத்தைக்கும் வேண்டும் ஒரு சாட்சி

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பல வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். ரேஷன் கார்டும் மின்சார ரசீதும் அதில் பத்திரமாக இருக்கும். "இன்ன இடத்தில், இன்ன வருடத்தில் இருந்தோம்" என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி.

கடலில் வாழும் சிறு பிராணிகளுக்கும் இப்படி ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அவற்றில் ஒன்று, ஓடில்லாக் கடல் நத்தை.

தூத்துக்குடிக்காரர்கள் அறிந்த கடல் அட்டை வேறு, இது வேறு. இது நத்தை இனம்தான். ஆனால் வளர்ந்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு முதுகில் ஓடு இருக்காது. பல வகைகள் விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும். நிறமோ கண்ணைப் பறிக்கும். பல வகைகளின் உடலில் நஞ்சு உண்டு. "என்னைத் தொடாதே" என்று மீன்களுக்கு விடும் எச்சரிக்கையே அந்த நிறம்.

வெளுத்துப் போகும்

இதைப் பிடித்து எரிசாராயக் குப்பியில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், உடல் சுருங்கிவிடும். அடையாளம் சொல்ல ஓடும் இல்லை. எனவே, மியூசியத்தில் குப்பி மட்டும் இருந்தால் போதாது. எங்கே, எப்போது கிடைத்தது என்ற சீட்டு வேண்டும். உயிரோடு இருந்தபோது எடுத்த படமும் வேண்டும்.

வால்டேர் கடற்கரை

இதை அன்றே உணர்ந்தவர் வால்டர் எலியட். சென்னை மாகாண அதிகாரி. அமராவதி சிற்பங்களை 1845-ல் சென்னைக்குக் கொண்டு வந்தவரும் அவரே. விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர் கடற்கரையில் அவர் சேகரித்த நத்தைகளும் படங்களும் இங்கிலாந்தில் உள்ள நியூகாஸில் நகருக்குப் போயின. ஆல்டர், ஹான்காக் என்ற இருவர் 1864-ல் அவற்றை விவரித்து எழுதினார்கள். ஒன்றுக்கு "கலிங்கா ஆர்னாட்டா" என்று பெயரிட்டார்கள்.

திரிகோணமலை டாக்டர்

இலங்கையில் பிறந்த ராணுவ டாக்டர் கெலார்ட், திரிகோணமலைக் கடல் நத்தைகளை 1858-ம் ஆண்டு முதல் விவரித்தார். 1860-ல் இறந்துவிட்டார். ஆனால் படங்கள் பிழைத்தன. சார்லஸ் எலியட் என்ற வேறொருவர், நியூகாஸில் மியூசியத்தில் இருந்த கெலார்ட்டின் படங்களையும் ஆல்டர், ஹான்காக் ஆகியோரின் சேகரிப்பையும் ஆராய்ந்து, எது எந்த இனம் என்று 1906-ல் எழுதினார். சொந்தக்காரர் மறைந்த பிறகும் சாட்சி பேசியது!

மும்பை பாறைகளில்

லேபர் கேம்ப்பில் இருந்து மாஹிம் கடல் அதிக தூரம் இல்லை. அதற்குத் தெற்கே ஹாஜி அலி, வடக்கே ஜூஹு. கடல் வற்றும் வேளையில் அங்குள்ள பாறைக் குழிகளில் கடல் நத்தைகள் தென்படுகின்றன. 2017-ல் தொடங்கிய "மரைன் லைஃப் ஆஃப் மும்பை" என்ற குழுவினர் அவற்றைப் படம் எடுத்துப் பதிவு செய்து வருகிறார்கள்.

கடலைத் தூர்த்து வளர்ந்த நகரம் மும்பை. தூர்ந்துபோன கரைகளில் என்னென்ன வாழ்ந்தன என்பதற்கு முழுக் கணக்கு கிடையாது. கடற்கரைச் சாலைப் பணியின்போது, 2020-ல் ஹாஜி அலி, வொர்லி பவளங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. காரணம், பவளத்தின் பெயர் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருந்தது. ஏட்டில் பெயர் உள்ளதற்கே இடம் கிடைக்கிறது!

இப்போது சாட்சி சொல்லக் குப்பியும் சாராயமும் தேவையில்லை. கையில் உள்ள செல்போனே போதும். கரைக்குப் போகும் பிள்ளைகள் நத்தையைத் தொடாமல் படம் எடுக்கலாம். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளலாம். நத்தை அதன் குழியிலேயே இருக்கட்டும்.