புது வெப்சைட்டை கூகுள் ஏன் காக்க வைக்குது?

புதுசா ஒரு வெப்சைட் போட்டாச்சு. அதோட பேரை கூகுள்ல தேடினா வருது. ஆனா ‘பெர்சனல் லோன்’னு தேடினா, எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் காணோம். சைட்ல ஏதாவது தப்பா?

பெரும்பாலும் இல்லை. இங்கே ரெண்டு வேலை இருக்கு. ஒரு பக்கத்தைப் படிச்சுக் குறிச்சு வைக்கிறது இண்டெக்ஸிங். அதுக்கு எத்தனையாவது இடம்னு முடிவு பண்றது ரேங்கிங். முதல் வேலை சில நாள்லயே முடியலாம். ரெண்டாவதுக்கு சாட்சி வேணும்.

என்ன சாட்சி? 1998-ல லாரி பேஜும் செர்ஜி பிரினும் வெளியிட்ட ‘பேஜ்ரேங்க்’ யோசனை, மத்த சைட்டுகள் தர்ற லிங்க்கை சிபாரிசு மாதிரி எண்ணுச்சு. பல வருஷமா இருக்கிற வங்கி சைட்டுக்கு அந்த சிபாரிசு குவிஞ்சு கிடக்கும். போன மாசம் பிறந்த சைட்டுக்கு யார் தருவாங்க? அதனாலதான் போட்டி அதிகமான வார்த்தைகள்ல தாமதமும் அதிகம்.

2004 வாக்குல இந்தத் தாமதத்துக்கு ‘சேண்ட்பாக்ஸ்’னு பேர் வந்தது. புது சைட்டையெல்லாம் கூகுள் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்குதுன்னு பேச்சு. அப்படி ஒண்ணும் இல்லைன்னு கூகுள் தரப்புல மறுத்தாங்க. ஆனா 2024 மே மாசம் பேசப்பட்ட கூகுள் ஆவணக் கசிவுல, ‘ஹோஸ்ட்ஏஜ்’னு ஒரு விவரம் இருந்தது. புது ஸ்பேமை சேண்ட்பாக்ஸ் பண்றதுக்குன்னு அதுக்குக் குறிப்பு. கவனிங்க, ஸ்பேமைத்தான், எல்லாப் புது சைட்டையும்னு அதுல இல்லை.

காரணமும் புரியுது. இன்னிக்கு டொமைன் வாங்கினா நாளைக்கே முதல் பக்கம்னா, லோன் மோசடிக்காரங்கதான் முதல்ல வந்து உக்காருவாங்க.

அதனால ‘முப்பது நாள்ல முதலிடம் கியாரண்டி’ன்னு யாராவது காசு கேட்டா, நம்பாதீங்க. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னும் சொல்லியிருக்கு. அவசரத்துல லிங்க்கை விலைக்கு வாங்கினா, அது ஸ்பேம் விதியை மீறுறது. இருக்கிற இடமும் போகலாம்.

அப்போ என்ன பண்றது? ‘பெர்சனல் லோன்’ பின்னாடி ஓடாம, ‘வேலை மாறி மூணு மாசத்துல பெர்சனல் லோன் கிடைக்குமா’ மாதிரி குறிப்பான கேள்விக்கு உருப்படியா பதில் எழுதுங்க. அங்கே போட்டி குறைவு. படிச்சவங்க பகிர்வாங்க, லிங்க் தருவாங்க. சாட்சி அப்படித்தான் சேரும். சர்ச் கன்சோல்ல இம்ப்ரெஷன் எண்ணிக்கை மாசா மாசம் ஏறுதான்னு பாருங்க. ஏறினா, வண்டி நகருதுன்னு அர்த்தம்.