கிளட்ச் ஸ்லிப் ஆச்சுன்னா தப்பு யாருது?

(எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டியோட கதை. இடம் நம்ம புதுச்சேரி நெல்லித்தோப்பு. என் சித்தப்பா அங்கே வாட்டர் கேன் சப்ளை பண்றாரு. பதினஞ்சு வருஷமா ஓடுற டீசல் பிக்கப் ஒண்ணு இருக்கு. அதை ஓட்டுறது ஒரு தம்பி, வயசு இருபத்திரெண்டு.

ஒரு நாள் காலையில ஃபுல் லோடு ஏத்திக்கிட்டு வில்லியனூர் பக்கம் போயிருக்கான். ரெட்டியார்பாளையம், மூலக்குளம் வரைக்கும் பிரச்சினை இல்லை. அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. திரும்பி வந்து, "பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லண்ணே"ன்னு சொன்னான். நாங்க சிரிச்சோம். சித்தப்பா சிரிக்கலை.

ஏன்னா அஞ்சு மாசம் முன்னாடிதான் இதே கம்ப்ளைன்ட்டுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல புது கிளட்ச் பிளேட் போட்டாங்க. திரும்பவும் அங்கேயே காட்டினா, வண்டிக்கு அடியில குனிஞ்சுகூடப் பார்க்காம, "பையன் அரை கிளட்ச்லயே ஓட்டுறான், பிளேட்டைத் தின்னுட்டான்"னு சொல்லிட்டாங்க. அடுத்த பிளேட்டுக்கான காசைத் தம்பியோட சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிறதா முடிவாச்சு. அவன், "நான் பெடல் மேல கால் வெச்சே ஓட்டுறதில்லண்ணே"ன்னு சொன்னதை யாரும் காதுல வாங்கலை.

தப்பு நிஜமாவே டிரைவர் மேலதானா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். கியர் இல்லாத கார் வெச்சிருக்கிறவங்களும் கேளுங்க, உங்களுக்கும் இதுல வேலை இருக்கு.

ஸ்லிப்னா என்ன?

இன்ஜின் பின்னாடி கனமான ஒரு இரும்புச் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். அதுதான் ஃப்ளைவீல். கியர்பாக்ஸுக்குப் போற ஷாஃப்ட்ல கிளட்ச் பிளேட் மாட்டியிருக்கும். பிரஷர் பிளேட் தன்னோட ஸ்பிரிங் பலத்துல கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோட சேர்த்து அழுத்திப் பிடிக்குது. அந்தப் பிடிமானத்துலதான் இன்ஜினோட சக்தி சக்கரத்துக்குப் போகுது. நீங்க பெடலை மிதிச்சா பிடி விடுது, காலை எடுத்தா திரும்பப் பிடிக்குது.

காலை எடுத்த பிறகும் முழுசாப் பிடிக்காம பிளேட் வழுக்குறதுதான் ஸ்லிப். வழுக்கினா உரசும், உரசினா சூடாகும். சூடு ஏற ஏற பிளேட்டோட மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாகி இன்னும் அதிகமா வழுக்கும். அதனால ஸ்லிப் தானா சரியாகாது. கருகின வாசனை வந்தாச்சுன்னா ரொம்ப நாள் தாங்காது.

லோடு இல்லாம முதல் கியர்ல இது தெரியாது. டாப் கியர்ல, லோடோட, மேட்டுல ஏறும்போதுதான் முதல்ல தெரியும். புதுச்சேரியில மேடுன்னா மேம்பாலம்தான். தம்பிக்கு அங்கே தெரிஞ்சதுல ஆச்சரியமே இல்லை.

திறக்கிறதுக்கு முன்னாடி

கியர்பாக்ஸை இறக்குறது பெரிய வேலை. அதனால காசு செலவில்லாத பரிசோதனைகளை முதல்ல முடிச்சிடணும். எங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு மெக்கானிக் அண்ணன் பார்த்த வரிசை இது.

முதல்ல, நிஜமாவே ஸ்லிப்தானான்னு உறுதி பண்ணினாரு. ஏர் ஃபில்டரோ டீசல் ஃபில்டரோ அடைச்சிருந்தாலும் வண்டி இழுக்காது. ஆனா அப்போ இன்ஜினே முக்கும், சத்தம் ஏறாது. ஸ்லிப்ல இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

நிக்கிற வண்டியிலயும் சோதிக்கலாம். சமதளத்துல, முன்னாடி ஆள் யாரும் இல்லாம, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நாலாவது கியர் போட்டு, லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கிட்டே கிளட்சை விடணும். நல்ல கிளட்ச்னா இன்ஜின் உடனே ஆஃப் ஆகிடும். ஆஃப் ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா ஸ்லிப்தான். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செஞ்சா மிச்சம் இருக்கிற பிளேட்டையும் நாமளே எரிச்சிடுவோம்.

ரெண்டாவது, பெடல். கேபிள் வெச்ச வண்டிகள்ல பெடலைக் கையால அழுத்தினா ஆரம்பத்துல கொஞ்சம் தூரம் சும்மா இறங்கணும். இதை ஃப்ரீ பிளேன்னு சொல்றாங்க. எவ்வளவுன்னு வண்டியோட புத்தகத்துல இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். சுத்தமா இல்லாமப் போச்சுன்னா, நீங்க காலே வைக்காட்டியும் வண்டி எப்பவும் அரை கிளட்ச்ல ஓடும். பல நேரம் ரெண்டு ஸ்பேனரோட வேலை முடிஞ்சிடும். ஹைட்ராலிக் கிளட்ச்னா, மிதிச்ச திரவம் முழுசாத் திரும்புதான்னு மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கணும்.

சித்தப்பா வண்டியில ஃப்ரீ பிளே சரியாவே இருந்தது. மூணாவதா அண்ணன் அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில படுத்தாரு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல பெல் ஹவுசிங்னு ஒரு கூடு இருக்கும். அதோட அடிப்பக்கம் விரலால தொட்டுக் காட்டினாரு. விரல் கறுப்பா இருந்தது, ஆயில்.

கறுப்பு ஆயில் சொன்ன சேதி

அந்த இடத்துக்கு ஆயில் வர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இன்ஜினோட பின்பக்க கிராங்க் சீல். இன்னொண்ணு, கியர்பாக்ஸோட முன்பக்க சீல். டீசல் இன்ஜின் ஆயில் ஓடினதும் கறுத்துடும். கியர் ஆயில் கெட்டியா, கந்தக வாடையோட இருக்கும். எங்க வண்டியில வந்தது இன்ஜின் ஆயில். சீல் இத்துப் போயிருக்கு, அந்த ஆயில் சொட்டுச் சொட்டா கிளட்ச் பிளேட்ல இறங்கியிருக்கு.

ஆயில் ஊறின பிளேட் பிடிக்குமா? சோப்பு போட்ட கையால பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரிதான். புது பிளேட்டா இருந்தாலும் சில மாசம்தான் தாங்கும். போன தடவை ஒர்க்‌ஷாப்ல பிளேட்டை மட்டும் மாத்திட்டு, லீக்கை அப்படியே விட்டுட்டாங்க. இந்த அஞ்சு மாசக் கணக்குக்கு அதுதான் காரணம். தம்பியோட கால் இல்லை.

கூட இருந்த இன்னொரு காரணத்தையும் அண்ணன் சொன்னாரு. "ஒரு ட்ரிப்புக்கு எத்தனை கேன்?" "எழுபது." ஒரு கேன் 20 லிட்டர். தண்ணி மட்டுமே 1,400 கிலோ. ஆர்.சி. புத்தகத்துல வண்டியோட வெறும் எடையும், லோடோட இருக்க வேண்டிய மொத்த எடையும் போட்டிருக்கும். ரெண்டையும் கழிச்சா வர்றதுதான் ஏத்தக்கூடிய அளவு, டிரைவர் எடையும் அதுக்குள்ள அடக்கம். கழிச்சுப் பார்த்தோம். எழுபது கேன் அதிகம். அதைக் கேட்டதும் சித்தப்பா பேச்சை மாத்திட்டாரு.

ரிப்பேர்ல என்னென்ன பண்ணாங்க?

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டி, கியர்பாக்ஸை இறக்கியாச்சு. இறக்கி ஏத்துற கூலிதான் இதுல பெரிய செலவு. அதனால திறந்திருக்கும்போதே எல்லாத்தையும் முடிச்சிடணும்.

கிராங்க் சீல் புதுசு. இன்ஜின் பிரீதர் பைப் அடைச்சிருக்கான்னு பார்த்தாங்க. அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் ஆயில் தாண்டி வந்துடும். ஆயில் ஊறின பிளேட்டைப் பெட்ரோல்ல கழுவித் திரும்பப் போடுறது சரிப்படாது, சூடானா ஊறினது வெளியே வரும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் செட்டா மாத்தினாங்க. ஃப்ளைவீல்ல சூடு பட்ட நீலத் திட்டு இருந்ததால லேத்துக்கு அனுப்பி மேல்பரப்பைச் சமன் செஞ்சாங்க. பிளேட்டை நடுவுல சரியா நிறுத்தித்தான் கியர்பாக்ஸை ஏத்தணும். இல்லைன்னா ஷாஃப்ட் உள்ளே போகாது.

உங்க வண்டிக்கு இதே வேலை நடந்தா மூணு விஷயம் கேளுங்க: பழைய பிளேட்டைக் காட்டச் சொல்லுங்க, சீலைப் பார்த்தாங்களான்னு கேளுங்க, ஃப்ளைவீல் எப்படி இருக்குன்னு கேளுங்க. பழைய பிளேட் காய்ஞ்சு, ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா ஓட்டுற விதமோ கிலோமீட்டரோ காரணமா இருக்கலாம். ஆயில் பட்டிருந்தா டிரைவரைத் திட்டுறதுல அர்த்தம் இல்லை.

ஆட்டோமேட்டிக் கார்னா?

உங்களோடது ஏ.எம்.டி. காரா? இந்தியாவுல 2014-ல மாருதி செலேரியோவோட பரவலான டெக்னாலஜி அது. அதுக்குள்ளேயும் இதே கிளட்ச் பிளேட்தான் இருக்கு. உங்க காலுக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்குது, அவ்வளவுதான். மேட்டுல பிரேக் பிடிக்காம ஆக்சிலரேட்டராலயே வண்டியை நிறுத்தி வெச்சா, நீங்களும் அரை கிளட்ச் டிரைவர்தான்.

டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வேற வகை. நம்ம ஊர் பிக்கப்ல இது இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி சிலதுலதான் வருது. அமெரிக்காவுல பழைய பிக்கப் ஸ்லிப் ஆகுதுன்னா பெரும்பாலும் இந்த வகையைத்தான் சொல்வாங்க. உள்ளே சின்னச் சின்னக் கிளட்சுகள் அடுக்கடுக்கா, திரவ அழுத்தத்துல பிடிக்கும். அங்கே முதல்ல பார்க்க வேண்டியது ஆயில் அளவும் நிறமும். புது ஆயில் பொதுவா சிவப்பா இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக். கறுத்து, கருகின வாடை வந்தா உள் கிளட்சுகள் எரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். மேல ஊத்துற மருந்து பாட்டில் எதுவும் தேய்ஞ்ச பிளேட்டைத் திரும்ப வளர்க்காது.

ரெண்டுக்கும் பாடம் ஒண்ணுதான். என்ன தேய்ஞ்சதுன்னு கேட்டா பார்ட் மாறும். ஏன் தேய்ஞ்சதுன்னு கேட்டாத்தான் பிரச்சினை தீரும்.

கடைசியா, அந்தப் பழைய பிளேட் சித்தப்பா கடை வாசல்ல ஒரு வாரம் கிடந்தது, ஆயில் பிசுபிசுப்போட. மாசக் கடைசியில தம்பிக்குச் சம்பளம் முழுசா வந்தது, ஏற்கெனவே பிடிச்சதும் சேர்த்து. இப்போ ட்ரிப்புக்கு நாற்பத்தஞ்சு கேன்தான். மேம்பாலம் ஏறுது.

உங்க வண்டியும் இப்படி ஏதாவது சொல்லுதுன்னா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.