வாயிலில் நிற்கும் வரிசை

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் ஒரு வீடு. அண்டையில் விசைத்தறியின் ஓசை. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுது. மாணவி ஒருத்தி தன் பதிவெண்ணை அலைபேசியில் இட்டு அழுத்துகிறாள். திரையில் சிறு வட்டம் சுழல்கிறதேயன்றி விடை வரவில்லை. அதே நொடியில் தமிழகமெங்கும் பல்லாயிரவர் அவ்வாறே அழுத்துகின்றனர். அவளுடைய வேண்டுகோள் இப்போது எங்கே நிற்கிறது?

திருமண வீட்டில் விருந்தினரை வாயிலில் வரவேற்பவர் ஒருவர். பந்தியில் அமர்த்திப் பரிமாறுபவர் மற்றொருவர். முடிவுகளைத் தாங்கிய சர்வர் கணிப்பொறியிலும் இத்தகைய இருவர் உளர். வரவேற்பது லினக்ஸ் போன்ற இயக்க முறைமை. விடையைப் பரிமாறுவது அதன்மேல் இயங்கும் நிரல்.

தொடர்பு மூன்று சொற்களால் அமைகிறது. 'வரலாமா?' என மாணவியின் கருவி கேட்கும். 'வருக, நான் சொல்வது கேட்கிறதா?' என இயக்க முறைமை வினவும். 'கேட்கிறது' எனக் கருவி உரைக்கும். மூன்றாம் சொல் வரும்வரை அது அரைகுறைத் தொடர்பே. அத்தகையவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அச்சொல் வந்தபின் தொடர்பு மற்றொரு வரிசைக்கு மாறும். நிரல் கை ஒழியுந்தோறும் அவ்வரிசையின் முன்னிருந்து ஒன்றை அழைத்துக்கொள்ளும். ஆதலின், தொடர்பு கிட்டிவிட்டதென அலைபேசி கருதும் வேளையில், அவள் வந்திருப்பதே நிரலுக்குத் தெரியாதிருக்கலாம்!

வரிசைக்கு எல்லை உண்டு. நிரல் கேட்கும் அளவு ஒன்று, இயக்க முறைமை விதிக்கும் உச்சம் ஒன்று. இரண்டில் சிறியதே செல்லும். 1983-இல் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்சில் உச்சம் வெறும் 5. லினக்சில் நெடுங்காலம் 128 ஆக இருந்த இயல்பான உச்சம், 2019-இல் 4096 ஆயிற்று.

எல்லையே இல்லாதிருந்தால் நலமன்றோ என நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரல் நொடிக்கு 100 பேருக்கு விடை தருமாயின், 6,000 பேர் வரிசையில் கடைசியில் நிற்பவர் 60 நொடி காத்திருக்க வேண்டும். 30 நொடியில் அவர் சலித்துப் போய்விட்டால், போனவருக்காக நிரல் வீணே உழைக்கும். சலித்தவர் மீண்டும் அழுத்தினாலோ, பெரும்பாலும் புதிய தொடர்பொன்று கடைசியில் சேரும்; கைவிட்ட பழையது முன்னே இடத்தை அடைத்துக் கொண்டிருக்கும்.

வரிசை நிரம்பியபின் வருவோரை லினக்ஸ் விரட்டுவதில்லை. மறுமொழி கூறாது இருந்துவிடும். கருவி 1 நொடி கழித்தும், பின்னர் 2 நொடி, 4 நொடி என இடைவெளியை இரட்டித்தும் தானே மீண்டும் கேட்கும். 'இடமில்லை' என்று உடனே கூறிவிடும் முறையும் வேறு சில கணிப்பொறிகளில் உண்டு. எனக்கு இம்மௌனமே மேலாகத் தோன்றுகிறது. அதற்குள் இடம் ஒழிந்துவிடக் கூடுமே!

அரைகுறைத் தொடர்புகளின் பட்டியலுக்கோ வேறோர் இடர் நேர்ந்தது. 1996 செப்டம்பரில், நியூயார்க்கில் இணையச் சேவை நல்கிவந்த பேனிக்ஸ் நிறுவனத்தின் கணிப்பொறிகளில், பொய் முகவரிகளிட்ட 'வரலாமா?' என்னும் கேள்விகள் இடைவிடாது வந்து குவிந்தன. மூன்றாம் சொல் வரவேயில்லை. பட்டியல் நிரம்பியது; மெய்யான வாடிக்கையாளர் வெளியே நின்றனர்.

அம்மாதத்திலேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிஞர் ஒரு வழி கண்டார். பட்டியலில் எதையும் எழுதவே வேண்டா என்றார் அவர். வந்தவரின் முகவரி, நேரம், ஓர் இரகசிய எண் ஆகியவற்றைக்கொண்டு கணக்கிட்ட எண்ணை மறுமொழியிலேயே வைத்து அனுப்பிவிடலாம். மெய்யானவர் அவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பி அனுப்புவார். மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்த்து அவரை வரிசையில் சேர்க்கலாம். பொய்யர் திரும்பார், அவர்க்கென ஒதுக்கிய இடமும் இல்லை. லினக்சில் இம்முறை இன்றும் உண்டு. பட்டியல் நிரம்பி வழியும் வேளையில் மட்டுமே இயல்பாகத் தொழிற்படும்.